எழுத்தருக்கும் சாட்சிக்கும்

அரபு இலக்கணம் கற்கும் மாணவர்களைத் தடுமாற வைக்கும் வினைச்சொல் ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் மறை முழுவதிலும் மிக நீண்ட வசனமாகும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது அது. எழுதுகிறவர் எவ்வாறு எழுத வேண்டும், சாட்சிகள் எத்தனை பேர், அழைக்கப்படும்போது அவர்கள் வர மறுக்கலாகாது என்றெல்லாம் விதித்துக்கொண்டு வந்து, முடிவை நெருங்குமிடத்தில் எழுத்தரையும் சாட்சியையும் குறித்து ஒரு விலக்கு வருகிறது. அவ்விடத்திலுள்ள வினைதான் 'யுளார்ர' என்பது.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் நான் ஓதிய காலத்தில், 'தஃப்ஸீர் ஜலாலைன்' பாடம் நடத்திய எங்கள் உஸ்தாத் மர்ஹூம் அவர்கள், இந்த ஒரு சொல்லில் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தார்கள். "இது மஃரூஃபா, மஜ்ஹூலா? சொல்லுங்கள்" என்றார்கள். செய்வினையா, செயப்பாட்டுவினையா என்பது கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் ஒன்றைச் சொன்னோம். மீதிப் பேர் மற்றொன்றைச் சொன்னார்கள். உஸ்தாத் சிரித்துக்கொண்டே, "இரு சாராரும் சரியாகவே சொன்னீர்கள்" என்றார்கள்.

காரணம் இதுதான். அச்சொல்லின் இறுதியில் இரண்டு 'ரா' எழுத்துகள் ஒன்றில் ஒன்று அடங்கிவிடுகின்றன. அதனால் அவற்றுக்கிடையே இருந்த உயிரொலி மறைந்து போகிறது. மறைந்தது இகரமாயின் அது செய்வினை: எழுத்தரும் சாட்சியும் எவருக்கும் தீங்கு செய்யலாகாது. மறைந்தது அகரமாயின் அது செயப்பாட்டுவினை: எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யப்படலாகாது. ஜலாலைன் இவ்விரு பொருளையும் தருகிறது. முதற் பொருளுக்கு விளக்கம் கூறும்போது, சாட்சி தீங்கு செய்யும் வழிகள் இரண்டு என்கிறது. சாட்சியத்தைத் திரித்துச் சொல்வது ஒன்று. சாட்சி சொல்ல மறுத்து ஒதுங்கிக்கொள்வது மற்றொன்று.

மதரஸாப் பரீட்சையில் இக்கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன். பிற்காலத்தில் இதே கேள்வி ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் என் முன் வந்து நின்றபோது தோற்றுப் போனேன். அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மதுரைக்குக் கிழக்கே மேலூர் வட்டாரத்தை அறியாத மதுரைவாசி இருக்க முடியாது. பெரியாற்றுக் கால்வாய் பாயும் நெல்வயல்கள், ஊருக்கு ஊர் கண்மாய்கள், நடுநடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். அக்குன்றுகளின் கல் பட்டைதீட்டினால் கண்ணாடி போல் மின்னும். கீழவளவு, கீழையூர், தெற்குத்தெரு, திருவாதவூர்ப் பக்கங்களில் அக்கல் வெட்டிக் கப்பலேறியது. அளவை மீறி வெட்டினார்கள், பட்டாவைத் தாண்டி வெட்டினார்கள், கழிவுக் கற்களைக் கண்மாயிலும் வரத்துக் கால்வாயிலும் கொட்டினார்கள் என்ற முறையீடு பல்லாண்டுகளாக இருந்தது. அதனைக் கணக்கெடுத்து எழுதியவர் மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த உ. சகாயம் அவர்கள். 2012 மே 19 அன்று அரசின் தொழில்துறைக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார். மே 23 அன்று கைத்தறித் துணி விற்பனை நிறுவனமான கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார்.

'மாற்றப்பட்டார்' என்ற சொல்லை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். இஃது செயப்பாட்டுவினை. அரபியில் இதற்கு 'மஜ்ஹூல்' என்று பெயர். 'அறியப்படாதது' என்பது அதன் நேர்ப் பொருள். செய்தவன் இன்னானென்று வாக்கியத்தில் தெரியாத வினை என்பதால் அப்பெயர். அறிக்கைக்கும் மாறுதலுக்கும் தொடர்புண்டு என்று எந்த அரசாணையும் சொல்லாது. இடையில் நான்கு நாட்கள் இருந்தன என்று நாட்காட்டி மட்டும் சொல்லும்.

அவ்வாண்டு ஆகஸ்டில் அவ்வறிக்கை நாளேடுகளில் வெளியாயிற்று. புதிய ஆட்சித் தலைவராக வந்திருந்த அன்சுல் மிஸ்ரா அவர்கள் காலத்தில் குவாரிகளில் சோதனைகள் நடந்தன. மதுரைத் தேநீர்க் கடைகளில் அதுவே பேச்சு. ஆயினும் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது சோதனை அன்று, மாறுதல்தான். மாவட்டத்தின் முதல் அதிகாரிக்கே இந்நிலை என்ற எண்ணம் பலருடைய நாவைக் கட்டியது. என் நாவையும் கட்டியது.

அப்போது நான் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் அரபி ஆசிரியர். அப்பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக ஓர் இளைஞர் இருந்தார். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவரின் மகன், இந்து சமயத்தவர். வேலையில் சுத்தம், பேச்சில் சிக்கனம். அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஒரு மாலை அவர் என்னைத் தேடி வந்தார். கையில் சிறுபான்மைப் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைப் பட்டியலின் நகல் இருந்தது.

"ஐயா, இந்தப் பெயர்களைப் பாருங்கள். இவர்களெல்லாம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்ட பிள்ளைகள். பணம் வாங்கியதாக இவர்களுடைய பெற்றோர் கையெழுத்து இருக்கிறது" என்றார்.

பார்த்தேன். ஒரு பெயருக்கு எதிரே, மையினால் அழகாக எழுதிய கையொப்பம் ஒன்று இருந்தது. அந்தப் பையனின் தாயாரை நான் அறிவேன். விதவை. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு என்னிடம்தான் எழுதி வாங்கினார். அப்பெண்மணியின் கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வைக்கச் செய்தவனே நான்தான். பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய் ஓராண்டாகியிருந்தது.

"அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பது இந்தப் பள்ளியில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ஐயா. நான் மேலிடத்துக்கு எழுதப் போகிறேன். இரண்டாவதாக நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்."

ஏழைப் பிள்ளைகளின் பணம். அதுவும் எம் சமுதாயத்துப் பிள்ளைகளின் பணம். அதற்காகப் பரிந்து நின்றவர் பிற சமயத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். நாள்தோறும் பிள்ளைகளுக்கு அமானிதத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் நானோ இவ்வாறு சொன்னேன்:

"தம்பி, கலெக்டருக்கே நான்கு நாளில் மாறுதல் என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்? எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். சற்று யோசித்துச் சொல்கிறேன்."

"சரிங்க ஐயா" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன்பின் என்னை அவர் வற்புறுத்தவில்லை. தனியொருவராகவே எழுதினார்.

அக்கடிதம் எவ்வழியே பயணப்பட்டது என்பதைப் பின்னர் அறிந்தேன். மேலிடத்தில் முத்திரையிட்டு, அடுத்த நிலைக்கு 'அறிக்கை கோரி' அனுப்பினார்கள். அங்கிருந்து அதற்கடுத்த நிலைக்கு. மூன்றாவது மேசையில் அக்கடிதம், யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் கைக்கே வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர், கையொப்பம், வீட்டு முகவரியுடன். இரண்டு வாரம் கழித்து ஒரு பதிவேட்டைக் காணவில்லை என்று அந்த இளைஞர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மஜ்ஹூல்! அவ்வுத்தரவிலும் செய்தவன் யாரென்ற வினா எழவில்லை. ஓராண்டு அலைந்துவிட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விசாரணையில் என்னையும் அழைத்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கைநாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்புள்ள வாசகர்களே! அந்த இளைஞரைக் காக்கச் சட்டம் ஏதும் இல்லையா என்ற கேள்வி என்னை விடவில்லை. தெரிந்த வழக்கறிஞர்களைக் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன்.

முறைகேட்டை உள்ளிருந்தே வெளிப்படுத்துபவரை ஆங்கிலத்தில் 'விசில் புளோயர்' என்பார்கள். நம் நாட்டில் அவர்களைப் பற்றிய பேச்சு வலுத்ததற்குக் காரணமானவர் சத்தியேந்திர துபே என்ற பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பணியாற்றியவர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் கண்ட முறைகேடுகளை 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை இரகசியமாக வைக்குமாறு வேண்டினார். அக்கடிதம் அவர் பெயருடனேயே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்றே புலனாய்வு கூறியது. 2010-இல் மூவர் தண்டிக்கப்பட்டனர். அது எவ்வாறாயினும், இரகசியமாக வைக்க வேண்டிய பெயர் வைக்கப்படவில்லை என்பதை எவரும் மறுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2004 ஏப்ரலில் மைய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டு, இத்தகைய முறையீடுகளைப் பெறும் பொறுப்பை மத்திய விழிப்புணர்வு ஆணையத்திடம் ஒப்படைத்தது.

பத்தாண்டு கழித்து, 2014 மே மாதத்தில், முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதனைப் படித்தபோது எனக்கு அந்த அரபி வினைச்சொல்தான் நினைவுக்கு வந்தது. இரு பொருளும் அதில் உள்ளன. பொய்யென்று அறிந்தே தீய நோக்கோடு முறையிடுபவருக்கு இரண்டாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்: சாட்சி தீங்கு செய்யலாகாது. முறையிட்டவரின் பெயரை வெளியிடும் அதிகாரிக்கு மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். முறையிட்டதற்காக அவரைத் துன்புறுத்தலாகாது என்ற விதியும் உண்டு: சாட்சிக்குத் தீங்கு செய்யப்படலாகாது. பெயரில்லாத முறையீட்டை ஏற்கலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. அதுவும் நியாயமே. மொட்டைக் கடிதத்தால் அழிந்த குடும்பங்களும் உண்டல்லவா?

ஆனால் இச்சட்டம் அரசிதழில் அறிவிக்கப்படும் நாளில்தான் உயிர் பெறும். இச்சட்டத்துக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. 2015-இல் அதனைத் திருத்த மற்றொரு மசோதா வந்தது, மக்களவையில் நிறைவேறியது, மேலவையில் நிறைவேறாமல் நின்றுபோனது. ஆக, முறையிடுகிறவன் பெயர் சொல்ல வேண்டும் என்பது எல்லா அலுவலகங்களிலும் நடைமுறையாக இருக்கிறது. அப்பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற சட்டமோ ஏட்டில் உறங்குகிறது. சாட்சி மஃரூஃப், அவனுக்குத் தீங்கு செய்பவன் மஜ்ஹூல்.

பிற நாடுகளில் எப்படி என்று அறிய எனக்கொரு வாய்ப்புக் கிடைத்தது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்தவர், வேலையில் சேர்ந்தபோதே, 'இங்கு ஏதேனும் முறைகேட்டைக் கண்டால் இன்னாரிடம் இரகசியமாகச் சொல்லலாம்' என்று தமக்குத் தாள் கொடுத்ததாகச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியம் 2019 அக்டோபரில் இதற்கென ஒரு நெறிமுறை வகுத்தது. உறுப்பு நாடுகள் 2021 டிசம்பர் 17-க்குள் அதனைத் தத்தம் நாட்டுச் சட்டமாக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் இரகசிய முறையீட்டு வழி இருக்க வேண்டும். முறையீடு கிடைத்ததென ஏழு நாளில் ஒப்புகை, என்ன செய்தோம் என்று மூன்று மாதத்துக்குள் பதில். உள்ளே சொல்ல அஞ்சுபவர் நேரே வெளியிலுள்ள அதிகார அமைப்பிடம் சொல்லலாம்.

இவை யாவற்றிலும் என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு விதி. முறையிட்ட ஒருவர் அதன்பின் பணிநீக்கமோ மாறுதலோ அடைந்து வழக்குத் தொடுத்தால், 'இது முறையீட்டினால் நேர்ந்ததன்று' என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. வாதிடுபவன்தான் ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்பது நாங்கள் ஃபிக்ஹில் படித்த அடிப்படை விதியாயிற்றே! பிறகு ஷாஃபிஈ மத்ஹபின் நூலாகிய இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜை' எடுத்துப் பார்த்தேன். வாதி என்பவன் யார் என்று அங்கு வரையறுத்திருக்கிறார்கள். முதலில் நீதிமன்றப் படியேறியவன் என்று சொல்லவில்லை. வெளிப்படையாகத் தெரியும் நிலைமைக்கு மாறாகப் பேசுபவனே வாதி என்கிறார்கள். குறை சொல்ல இடமின்றி வேலை பார்த்த ஒருவன் முறையிடுகிறான். இரண்டு வாரத்தில் அவன் மீது குற்றச்சாட்டு வருகிறது. வெளிப்படையான நிலைமை யாருக்குச் சார்பாக இருக்கிறது? 'இரண்டுக்கும் தொடர்பில்லை' என்று சொல்பவனே அதற்கு மாறாகப் பேசுகிறான். அவனே ஆதாரம் கொண்டுவரட்டும். ஐரோப்பிய விதி எங்கள் பழைய நூலுக்குப் பகையன்று என்று தெளிந்தேன்.

அங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஜெர்மனியின் சட்டம் 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தாமதத்துக்காக 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஜெர்மனிக்கு 3 கோடியே 40 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. சட்டத்தைத் தாமதித்ததற்கு ஓர் அரசே அபராதம் கட்ட நேர்கிறது. நம் நாட்டில் பதினோராண்டுக்கு மேலாகச் சட்டம் உறங்குகிறது, கணக்குக் கேட்பாரில்லை.

உறங்கும் சட்டத்தின் விலை என்ன? 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில், சட்டவிரோதக் கல்குவாரிகள் குறித்து இடைவிடாது மனுக் கொடுத்து வந்த வெங்களூர் ஜகபர் அலி அவர்கள், தொழுகை முடித்து இருசக்கர வண்டியில் திரும்பிய வழியில் லாரி மோதி இறந்தார். விபத்தென்று முதலில் சொல்லப்பட்டது, கொலை வழக்காக மாறியது. குவாரி நடத்தியவர்கள் கைதாயினர். வழக்குக் குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறையிடம் சென்றது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அதே ஆண்டு மே மாதம் மதுரையில் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். சகாயம் அவர்களை 2014-இல் சென்னை உயர் நீதிமன்றமே கல்குவாரி முறைகேடுகளை ஆராயும் ஆணையராக நியமித்தது. மேலூர்ப் பக்கம் நரபலி நடந்ததாக எழுந்த முறையீட்டில், தோண்ட வேண்டிய இடத்தின் தடயங்கள் அழிந்துவிடலாகாதென்று 2015 செப்டம்பரில் ஓர் இரவு முழுவதும் மயானத்திலேயே தங்கியவர் அவர். நவம்பரில் அறிக்கை அளித்தார். பின்னர் விருப்ப ஓய்வு பெற்றார். அவரைக் கல்குவாரி வழக்கில் சாட்சியாக வருமாறு 2025-இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அழைத்தபோது, தமக்கிருந்த காவல் பாதுகாப்பு விலக்கப்பட்டுவிட்டதையும் உயிருக்கு ஆபத்திருப்பதையும் கூறி, வர இயலாதென எழுதினார். நாளேட்டில் அதைப் படித்த அன்று நான் பள்ளிவாசலில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். சாட்சிக்குத் தீங்கு வரலாகாது என்ற விலக்கும், சாட்சி ஒதுங்கலாகாது என்ற விலக்கும் ஒரே சொல்லில் இருப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. ஒன்றைக் காக்காத சமூகம் மற்றொன்றை எதிர்பார்க்க இயலாது. ஒரு சாட்சிக்குச் செய்யும் தீங்கு, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நூறு சாட்சிகளை ஊமையாக்குகிறது. அந்த நூறில் ஒருவனாக நான் இருந்தேன்.

எனினும் என் அச்சத்துக்குச் சட்டத்தின் மீது பழிபோட்டுத் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அந்த இளைஞரும் அதே சட்டமற்ற நாட்டில்தான் இருந்தார், எழுதினார்.

சில மாதங்களுக்கு முன் மாட்டுத்தாவணியில் பேருந்தேறி மேலூருக்குப் போனேன். அவர் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தலையில் நரை விழத் தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "தம்பி, அன்று போடாத கையெழுத்தைப் போடலாமென்று வந்தேன். தாமதம்தான். என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தத் தாள் இப்போது என்னிடம் இல்லை, ஐயா. இனி வேறு யாராவது கேட்டு வந்தால் அவர்களுக்குப் போடுங்கள்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்டு வாங்கும் தகுதி எனக்கும் இல்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஊர் திரும்பியபின் எங்கள் மஹல்லா ஜமாஅத்தில் மூன்று விதிகளை எழுதிக் கொடுத்தேன். பைத்துல்மால் கணக்கைப் பற்றியோ, நம் மதரஸா, அநாதை இல்லம் பற்றியோ வரும் முறையீடு எவரைப் பற்றியதோ அவர் கையில் போகலாகாது. முறையிட்டவர் பெயர், பெறுகிறவரிடம் அமானிதம். அதை வெளியிடுபவர் பொறுப்பில் நீடிக்கலாகாது. முறையிட்ட ஊழியரை ஓராண்டுக்குள் நீக்குவதாயின், வெளி மஹல்லாவைச் சேர்ந்த இருவர் விசாரித்த பிறகே நீக்க வேண்டும். முதலிரண்டை ஏற்றார்கள். மூன்றாவதை 'அடுத்த கூட்டத்தில் பார்ப்போம், ஹஸ்ரத்' என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

சட்டமன்றமும் பாராளுமன்றமும் செய்ய வேண்டியதை அவை செய்யட்டும்; கேட்போம். ஆனால் நம் பள்ளிக்கூடங்களும் ஜமாஅத்துகளும் நம் கைகளில் அல்லவா இருக்கின்றன? கணக்கில் தவறென்று ஒரு பிள்ளை சுட்டிக்காட்டினால், 'யார் அவன்?' என்பதற்கு முன் 'என்ன தவறு?' என்று கேட்க நமக்கு எந்த அரசிதழ் அறிவிப்பும் தேவையில்லை.

இப்போதும் மாலை வகுப்பில் அந்த வினைச்சொல்லை நடத்துகிறேன். "மஃரூஃபா, மஜ்ஹூலா?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் இரு பிரிவாகிறார்கள். இரண்டும் சரியென்று சொல்லிவிட்டு, அதன்பின் கைநாட்டு வைத்த அந்தத் தாயாரின் கதையையும், என் பங்கை மறைக்காமல், சொல்லி முடிக்கிறேன்.